இறங்கும்போது ஊதுவது

"நாலு மணிக்கு வண்டி வருது சார். எடுத்து முடிச்சதும் விசிலை நானே கொண்டுவந்து கொடுத்துடறேன்" என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள் மகள்.

கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் அசைந்து கொடுக்கவில்லை. "காட்சிப் பொருள் வெளிய போகணும்னா தலைமை அலுவலகத்துக் கடிதம் வேணும்மா. அவங்களுக்கு இன்னிக்கு லீவு."

"லீவுன்னு தெரியாம எங்கப்பா செத்துட்டாரு சார். மன்னிச்சுக்கங்க."

அப்பா முப்பது வருடம் கப்பலில் விசில் ஊதியவர். பெரிய அதிகாரிகள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஏணித் தலைப்பில் விறைப்பாக நின்று ஊத வேண்டும். எத்தனை தளபதிகளை ஏற்றி இறக்கினாரோ, அவருக்கே நினைவில்லை. தெருவில் அவர் பெயரே 'விசில்'தான். இரண்டு வருடங்களுக்கு முன் இந்த அருங்காட்சியகத்துக்காரர்கள் ஜீப்பில் வந்து, கடலோடி மரபு, நாட்டின் பெருமை என்று வாய் வலிக்கப் பேசி விசிலை வாங்கிப் போனார்கள். பக்கத்தில் அவர் பெயரை எழுதி வைப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை. பால்காரரிடம் சொன்னார், ஊசி போட வந்த நர்ஸிடம் சொன்னார். முழங்கால் போய்விட்டதால், படியேறி வந்து பார்க்க மட்டும் முடியவில்லை.

போன வாரம் படுக்கையில் கிடந்தபடி ஒன்றே ஒன்று கேட்டார். "நான் கடைசியா வாசப்படி இறங்கும்போது ஒரு தடவை ஊதச் சொல்லு. என் விசில்லயே."

"கண்ணாலயாவது பாத்துட்டுப் போறேன்" என்றாள் பொறுப்பாளரிடம். அதற்குக் கடிதம் தேவைப்படவில்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் பித்தளை விசில் பளபளவென்று இருந்தது. பள்ளிக்கூட நாளில், அறுந்த சங்கிலிக்கு அவள் முறுக்கிவிட்ட கொண்டை ஊசியும் அப்படியே இருந்தது. பெட்டிக்கு வெளியே சட்டத்தில் ஓர் அட்டை செருகியிருந்தார்கள். 'கடற்படைத் தளபதி தம் கப்பலில் ஊதிய விசில்.'

இரண்டு முறை படித்தாள்.

"தளபதி எதுக்கு சார் ஊதறாரு? அவருக்காக ஊதத்தானே எங்கப்பா வெயில்ல நின்னாரு?"

"பாக்க வர்றவங்களுக்குப் பெரிய பேரா இருந்தா ஒரு மதிப்பும்மா. மேலிடத்துல அப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க."

"அந்த ஊசி என்னோடது. உங்க தளபதி கொண்டை போட்டிருந்தாரா?"

பொறுப்பாளர் தரையைப் பார்த்தார். "கடிதம் வேணும்மா" என்றார், இந்த முறை மெதுவாக.

அவள் அட்டையைச் சட்டத்திலிருந்து உருவினாள். "இதுவும் காட்சிப் பொருளா? இதுக்கும் கடிதம் வேணுமா?" பதிலுக்கு நிற்காமல் அட்டையோடு வெளியேறினாள்.

வீட்டில், அப்பாவைக் கிடத்தியிருந்த பெஞ்சு யார் தொட்டாலும் ஆடியது. அதைப் பிடித்தபடி அவருடைய கப்பல் கூட்டாளி நின்றிருந்தார். ஊதுவதாக ஒப்புக்கொண்டவர் அவர்தான். வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்த்து வந்திருந்தார்.

"கொடுத்தாங்களாம்மா?"

"இதைத்தான் கொண்டுவர முடிஞ்சுது பெரியப்பா."

அட்டையை வாங்கி, எட்டப் பிடித்துப் படித்தார். "தளபதி ஊதினாராமா?" என்றார். அட்டையை நாலாக மடித்தார். சிரமப்பட்டுக் குனிந்து, பெஞ்சின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். பிறகு பெஞ்சு ஆடவில்லை.

நாலு மணிக்குத் தூக்கினார்கள். வாசலில் மூன்று படிகள். பெரியவர் முதலில் போய் மேல்படியின் ஓரத்தில் குதிகால்களைச் சேர்த்து நின்றார். விசில் இருந்தால், பல் போன அவர் வாய்க்கும் ஊத வரும். அது இல்லாததால் இரண்டு விரலை வாயில் வைத்தார்.

வெறும் காற்றுதான் வந்தது. நீளமாக வந்தது. அது நிற்கும்வரை, தூக்கியவர்கள் யாரும் படியில் கால் வைக்கவில்லை.