கையெழுத்து மேசை

சுவிஸ் நாட்டின் ஓஸ்டர்முண்டிகன் ஊர்த் தேவாலய மண்டபத்துக் குசினியில் குகநாதன் கோப்பிக் கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அறுபது முடிந்து இன்னும் நாற்பது கிடந்தன. சுடுதண்ணீரில் விரல்கள் ஊறி வெளுத்திருந்தன. 1986 மார்ச் மாதம் அது. இலங்கையிலிருந்து வந்த அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு இரண்டு வருடமாகப் பதில் இல்லை.

திறந்திருந்த கதவு வழியே மண்டபத்தில் பேசியவளின் குரல் கேட்டது. கனடாவின் வடக்கே ஆதிக்குடிகளின் ஊரொன்றிலிருந்து வந்தவள், பெயர் திரேசா.

"எங்கள் ஏரியில் யாரோ மீன் பிடிக்கிறார்கள், யாரோ விற்கிறார்கள். எங்களை நாங்களே ஆள ஒரு சபை வேண்டும். எங்களுக்கென்று ஒரு மீன் தொழிற்சாலை வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

வெள்ளைக்காரர் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். கூட்டத்தை நடத்திய பூர்கி அம்மையார், சுவிஸ் அரசுக்குப் போகும் ஆதரவு மனுவில் இங்குள்ள எல்லோரும் கையெழுத்திடுங்கள் என்றார்.

குகநாதனுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. எங்களை நாங்களே ஆளவேண்டும் என்று இதையே கேட்டதற்குத்தானே ஊரில் அவனுடைய தம்பியை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனார்கள்? இங்கே கைதட்டுகிறார்களே! எல்லோரும் என்றால் குசினியும் சேர்த்தியா?

பக்கத்தில் கப் துடைத்துக்கொண்டிருந்த அரசரத்தினத்திடம் கேட்டான்.

"அண்ணை, உதில நாங்களும் கையெழுத்து வைக்கலாமோ?"

"உனக்கென்ன விசரோ? அரசியல் செய்யிறானெண்டு ஃபைலில எழுதிப் போடுவாங்கள். உன்ர கேஸ் இன்னும் முடியேல்லை."

"அந்த மனிசி கேக்கிறது நாங்கள் கேட்டதுதானே அண்ணை?"

"ஓம், அதுக்குத்தான் சொல்லுறன். பேசாமக் கழுவு."

இன்னும் பத்துக் கப் கழுவினான். பயமாகத்தான் இருந்தது. ஆனால் தம்பியை நினைத்தபோது அதைவிட வெட்கமாக இருந்தது. திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்! ஏப்ரனைக் கழற்றினான். தாள் நனைந்துவிடக் கூடாதென்று கைகளை இரண்டு தரம் துடைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றான்.

அவனுக்கு முன்னால் பேனையோடு நின்றவள் திரேசா. பூர்கி அம்மையார் சிரித்த முகத்தோடு பேனையை வாங்கிக்கொண்டார்.

"நீங்கள் வேண்டாம், திரேசா. வாக்குரிமையுள்ள சுவிஸ்காரரின் பெயர்கள் மட்டும் இருந்தால்தான் அரசாங்கம் மதிக்கும். கமிட்டியில் அப்படித்தான் முடிவெடுத்தோம்."

பிறகுதான் குகநாதனைக் கண்டார்.

"நல்ல வேளையாக வந்தீர்கள்" என்று மேசையில் கிடந்த வெறும் கப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அவன் கைகளில் அடுக்கினார்.

திரேசா அவனைப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்ற சுவிஸ் கிழவர் ஒருவர் அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு வந்து, குனிந்து மனுவில் கையெழுத்திட்டார்.