நாய் வரிசையில் ரைலி

வயது என்று போட்டிருந்த கட்டத்தில் ரைலி இடது கையால் அறுபத்தொன்று என்று எழுதினாள். அதற்கு மேலே ஏழு, எட்டு, ஆறு, ஒன்பது. புதன்கிழமைதோறும் நூலகத்துக்கு வரும் நாய்க்குப் படித்துக்காட்டிப் பழக, வாசிக்கத் திணறும் பிள்ளைகள் பெயர் கொடுக்கும் பட்டியல் அது. எழுதி முடித்துப் பேனாவை டொக்கென்று மேசையில் வைத்தாள்.

நூலகர் ஹென்னா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "பேத்தி பேரை எழுதணும்மா. உங்க பேரை எழுதிட்டீங்க."

"பேத்தி... இல்ல. நான்."

சிரிப்பு பாதியில் நின்றது. "இது பசங்களுக்குங்க. பெரியவங்களுக்குச் செவ்வாய்க்கிழமை கம்பளிப் பின்னல் இருக்கு, வியாழக்கிழமை கடற்கரை நடை இருக்கு..."

ரைலி திரும்பி வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியைக் காட்டினாள். கோடைக் கொண்டாட்டம், எல்லா வயதினருக்கும். கொட்டை எழுத்து.

"யாரு... எழுதினது?"

"நான்தான்."

"அப்ப?"

பக்கத்தில் நின்ற கணவன் யோர்மா, "அவ என்ன சொல்ல வர்றான்னா..." என்று ஆரம்பித்தான். ரைலி அவன் காலை ஒரு மிதி மிதித்தாள்.

இருபத்தெட்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். மேலே இருந்து அவள் போடும் சத்தத்துக்குக் கப்பல்காரர்களே ஒதுங்கி நிற்பார்கள். ஜனவரியில் வந்த பக்கவாதம் வலது கையையும் பேச்சையும் அடித்துப்போட்டது. வார்த்தைகள் எங்கேயும் போய்விடவில்லை. உள்ளேதான் இருக்கின்றன, நாக்கு நுனிவரை வந்துவிட்டு அடம்பிடிக்கின்றன. யோர்மா தங்கமான மனிதன், தொல்லையே அதுதான். அவள் ஒரு எழுத்தைத் தொடங்கினால் போதும், முழு வார்த்தையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிடுவான். போன மாதம் கடையில் அவள் "தே..." என்று திணறிக்கொண்டிருக்கும்போதே, "அவளுக்குக் காப்பிதான், எப்பவும் அதுதான்" என்று சொல்லிவிட்டான். அவளும் அதைக் குடித்துத் தொலைத்தாள். குடிக்கும்போதே ஒன்று புரிந்தது. இப்படியே விட்டால் இனி சாகும்வரை காப்பிதான். இனி எல்லாமே அவன் வாயால்தான்.

நாய் அறைக் கதவில் தொங்கிய அட்டையைப் படித்துச் சொன்னவனும் யோர்மாதான். 'படிப்பவரைத் திருத்தக் கூடாது. வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. நாய் காத்திருக்கும்.' படித்துவிட்டு, "நல்ல கூத்து!" என்று சிரித்தான், அத்தோடு மறந்தும் போனான். அவள் மறக்கவில்லை.

"சரி, பதினஞ்சு நிமிஷம்தான்" என்று கடைசியில் இறங்கி வந்தாள் ஹென்னா. "எல்லாருக்கும் அவ்வளவுதான். அதுக்கப்புறம் அடுத்த பிள்ளை வந்துடும்."

புதன்கிழமை யோர்மாவை வெளியே நிறுத்திவிட்டு ரைலி கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். நாய்க்கு ஏலக்காய் பன்னின் நிறம், பெயரும் அந்தப் பன்னின் பெயரேதான், புல்லா. அதைக் கூட்டி வந்த பெரியவர் மூலையில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ரைலி பையிலிருந்து எடுத்தது கிரேன் பாதுகாப்புக் கையேடு. ஓரமெல்லாம் கிரீஸ் கறை. முயல் கதை படிக்கவா இவ்வளவு சண்டை போட்டாள்?

மடியில் விரித்து, மரத்துப்போன வலது கையைத் தூக்கிப் பக்கத்தின் மேல் வைத்தாள், தாள் புரளாமல் இருக்க அதாவது உதவட்டும் என்று.

"சுமை... சுமையைத் தூக்கும்... முன்..."

நான்கு வரிக்குப் பத்து நிமிடம் ஆனது. புல்லா ஒரு முறை கொட்டாவி விட்டது, எழுந்து போகவில்லை. ஐந்தாவது வரி ஒரே வார்த்தையில் மாட்டிக்கொண்டது. காற்று. அவளுக்குத் தெரியாத காற்றா! பின்லாந்து வளைகுடாவிலிருந்து அது கிளம்பும்போதெல்லாம் நாற்பது மீட்டர் உயரத்தில் அதோடு மல்லுக்கட்டியவள் அவள். இப்போது வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. சீ, என்ன பிழைப்பு இது என்று கண் கலங்கியது.

நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யோர்மாவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கா... ற்று. கா... ற்று.

கதவிடுக்கு வழியாக, அடுத்துப் படிக்கக் காத்திருந்த சிறுமியின் குரல் கேட்டது. "அங்கிள், சொல்லிக் குடுக்கக் கூடாது. அட்டையில போட்டிருக்கே, நீங்க படிக்கலயா?"

"அவ கஷ்டப்படறா பாப்பா."

"நானும்தான் கஷ்டப்படறேன்."

யோர்மாவின் உதடுகள் மறுபடி அசையத் தொடங்கின. ரைலி இடது கையை உயர்த்தி உள்ளங்கையை அவனுக்குக் காட்டினாள். துறைமுகத்தில் கீழே நின்று அவளுக்குச் சைகை காட்டிய ஆள் அவன்தான். அங்கே அவன் இதே கையைத் தூக்கினால், அந்தரத்தில் தொங்குவது எத்தனை டன்னாக இருந்தாலும் அவள் அப்படியே நிறுத்திவிடுவாள். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

யோர்மா வாயை மூடினான். பிறகு பழக்கதோஷத்தில் தன் கையையும் உயர்த்தினான், புரிந்தது என்று.

இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. புல்லா முன்னங்கால்மேல் தலையை வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தது. ரைலி உயர்த்திய கையை இறக்காமல் புத்தகத்தின் மேல் குனிந்தாள்.

"கா..." என்றாள்.