முன்பக்கத்துக் குழிகள்

பாரிஸின் லா ஷப்பல் மெத்ரோ நிலையத்தின் படிகளில் சாம்பவி அன்று மத்தியானம் ஓட்டமும் நடையுமாக இறங்கினாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. நகரத்தின் வடக்கே ஒரு மருத்துவமனையில், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்துச் சொல்கிற பிரிவிலே பயிற்சி மருத்துவர் அவள். கூடப் படித்தவர்கள் கடற்கரை, சினிமா என்று திரிந்த நேரமெல்லாம் இருட்டறையில் குந்தியிருந்து, முன்பின் தெரியாத மனிதர்களின் தோள்மூட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டத்துக்கான ஆய்வு. புள்ளிவிவரம் பார்க்கிற பெண் அதன் முடிவை அன்று காலையில்தான் அனுப்பியிருந்தாள்.

விஷயம் இதுதான். தோளின் உருண்டை எலும்பில் சிலருக்குச் சின்னச் சின்னக் குழிகள் விழும். உள்ளே நீர் தேங்கிக் கிடக்கும். பிரெஞ்சு மருத்துவர்கள் அதை ‘ஜெயோட்’ என்பார்கள். எக்ஸ்ரேயில் பயறளவு கறுப்புப் புள்ளியாகத் தெரியும். வயது போனால் வருகிறதுதானே என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். சாம்பவிக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. குழி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் என்ன?

பார்த்தாள். எலும்பின் பின்பக்கத்தில் குழி இருந்தவர்களிலும், குழியே இல்லாதவர்களிலும் தசைநாண் கிழிந்தவர்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தார்கள். அந்தக் குழி ஒன்றையும் சொல்லவில்லை. முன்பக்கம் வேறு கதை. கையைத் தூக்குகிற தசைநாண் எலும்போடு ஒட்டுகிற இடத்தில் குழி இருந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்த நாண் எங்காவது கிழிந்திருந்தது. தற்செயலாக இப்படி வர வாய்ப்பே இல்லை என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். சாம்பவி அந்த வரியை மெத்ரோவில் நின்றபடி திரும்பத் திரும்ப வாசித்தாள்.

ரூ பெர்தொனே தெருவில் ஒரு தேநீர்க்கடையில் அவளுடைய அண்ணன் லவன் இருந்தான். கூசேன்வில்லில் குடியிருந்து, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. அன்று லீவு. வேலையை விட அவனுக்குப் பெரிசு கரப்பந்து. வலைக்கு மேலாலே எழும்பி அவன் அறைகிற பந்தை எடுக்க பாரிஸ் தமிழ்க் கழகங்களில் ஆளில்லை என்று பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை இறுதிப்போட்டி. பக்கத்தில் வடையைக் கடித்துக்கொண்டிருந்தவன் கழகத் தலைவன் றொஜர்.

சாம்பவி இருந்ததும் இராததுமாகக் கதையைத் தொடங்கிவிட்டாள். தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்து, இதுதான் தோள் எலும்பு, இது முன்பக்கம், இது பின்பக்கம் என்று விரலால் காட்டினாள். லவனுக்குப் பாதி விளங்கவில்லை. ஆனாலும் தங்கச்சியின் முகத்தைப் பார்த்து அவனுக்கும் சந்தோசம் தொற்றிக்கொண்டது. பகிடியாகத் தன்னுடைய கைப்பேசியை நீட்டினான்.

“என்ரை தோளிலையும் ஓட்டை கிடக்கோ எண்டு பார்.”

மூன்று மாதமாக அவனுக்கு வலது தோளில் நோ. மருத்துவர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தார். பிறகு எக்கோவும், அதுதான் ஒலியலைப் படமும், பார்த்தார்கள்; தசைநாண் நன்றாக இருக்கிறது என்று அறிக்கை வந்தது. வெள்ளிக்கிழமை வலி போக ஓர் ஊசி போடுவதாகவும் அதோடு ஞாயிற்றுக்கிழமை விளையாடுவதாகவும் ஏற்பாடு. இதெல்லாம் சாம்பவிக்கு அன்றுதான் தெரியும்.

அவள் சிரித்தபடிதான் கைப்பேசியை வாங்கினாள். கையை மூன்று விதமாகத் திருப்பிவைத்து எடுத்த படங்கள். முதலாவதை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். இரண்டாவதையும் பார்த்தாள். பிறகு முதலாவதுக்குத் திரும்பினாள். சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்துப் பக்கத்திலே இரண்டு குழிகள். கை திரும்புகிறபோது அவை நகர்ந்த விதத்தைப் பார்த்தால் முன்பக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

“அண்ணா, ஞாயிற்றுக்கிழமை விளையாடாதை.”

றொஜர் வடையைக் கீழே வைத்தான். லவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் வந்தது. எக்கோ பார்த்தவர் அனுபவசாலி, நாண் நல்லாயிருக்கு என்று எழுத்திலே தந்திருக்கிறார் என்றான். உள்பக்கத்தில் கிழிந்தால் சிலவேளை எக்கோவில் பிடிபடாது, அது அவருடைய பிழையில்லை என்று சாம்பவி விளங்கப்படுத்தினாள். அவன் காது கொடுக்கவில்லை.

“உன்ரை ஆராய்ச்சிக்கு ஆள் குறையுதெண்டா வேறை ஆரையும் பிடி,” என்றான்.

“உன்னை அதிலை சேர்க்கவே ஏலாது. நீ என்ரை அண்ணன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அவன் சொன்னது உள்ளே தைத்துவிட்டது. இத்தனை காலம் ஒன்றையே தேடின கண் அது. சுவரில் கறையைக் கண்டாலும் குழி என்று சொல்லக்கூடிய கண். அதுவும் முடிவு கைக்கு வந்த அதே நாளில், அண்ணனின் தோளிலேயே கண்டுவிட்டேன் என்றால் யார் நம்புவார்? அவளுக்கே முழு நம்பிக்கை இல்லை. ஆனால் விட்டுவிடவும் மனமில்லை.

ஒரு வழி இருந்தது. மூட்டுக்குள் சாயமருந்தை ஊசியால் ஏற்றிவிட்டு ஸ்கேன் எடுத்தால் உள்பக்கத்துக் கிழிவுக்குள் சாயம் போய் நிற்கும். பார்க்கிறவரும் அவளாக இருக்கக்கூடாது. லவனின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, வியாழக்கிழமை ஸ்கேன், அதில் ஒன்றுமில்லை என்றால் தானே மைதானத்துக்கு வந்து கைதட்டுவேன் என்று ஒப்பந்தம் போட்டாள். குடும்ப மருத்துவர் சீட்டு எழுதித் தந்தார். யாரோ வரமுடியாமல் போய் அவளுடைய மருத்துவமனையில் ஓரிடமும் கிடைத்தது.

படம் பார்க்க அவள் கேட்டது ழான்-லூக்கை. அந்தப் பிரிவில் மூத்தவர்களில் ஒருவர். அவளுடைய ஆய்வைத் தொடக்கத்திலிருந்தே நம்பாதவர். எலும்பிலே குழி இல்லாத மனிதர் உண்டா, வீணாக நேரத்தைச் செலவழிக்கிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அதனால்தான் அவரைக் கேட்டாள். அண்ணன், கரப்பந்து விளையாடுகிறவர், தோள் நோ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். எக்ஸ்ரே பற்றி வாயே திறக்கவில்லை.

சாய ஊசி போட்டு ஸ்கேனும் முடிந்தது. லவன் வெளியே கதிரையில் இருந்தான். ழான்-லூக் திரைக்கு முன்னால் அமர்ந்து படங்களை மேலும் கீழுமாக உருட்டினார். சாம்பவி அவருக்குப் பின்னால், வெள்ளைக் கோட்டுப் பைகளுக்குள் கைகளை இறுக்கிக்கொண்டு நின்றாள். திரையைப் பார்க்கக்கூடாது என்று நிலத்தைப் பார்த்தாள். அவர் உருட்டுகிறதை நிறுத்தினார். திரும்ப உருட்டினார். பிறகு ஒலிவாங்கியைக் கையிலெடுத்து, வழக்கமான சலிப்புக் குரலில் அறிக்கையைச் சொல்லத் தொடங்கினார்.

மூட்டு இடைவெளி சரியாக இருக்கிறது. குருத்தெலும்பு சரி. கையை உள்ளே திருப்புகிற நாண் சரி.

அங்கே நிறுத்தினார்.

“கையைத் தூக்குகிற மேல் நாணின் உள்பக்கத்தில், எலும்போடு ஒட்டுகிற இடத்தில், ஆழமான கிழிவு,” என்றார் அவர். “சாயம் பாதிக்கு மேல் உள்ளே போயிருக்கிறது. வெளிப்பக்கப் படலம் அறுபடவில்லை. கிழிவுக்கு நேர் கீழே எலும்பின் முன்பக்கத்தில் இரண்டு ஜெயோட்கள்.”

கடைசிச் சொல்லைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்கவேண்டும். கதிரையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் கைப்பேசியை எடுத்து எக்ஸ்ரேயைக் காட்டினாள். தேநீர்க்கடையில் பார்த்ததையும் சொன்னாள். அவர் இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“ஒரு தோள் எதையும் நிரூபிக்காது,” என்றார்.

“தெரியும். நிரூபணம் மற்றத் தோள்களில் இருக்கிறது. இது என் அண்ணன், அவ்வளவுதான்.”

அவர் சிரித்துவிட்டார். ஆய்வு முழுவதையும் தனக்கு அனுப்பச் சொன்னார், வார இறுதியில் ஆறுதலாக வாசிக்கவேண்டும் என்று. சாம்பவிக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. தான் கண்டது சரி. ஆனால் அது சரியென்றால் கிழிந்திருப்பது அண்ணனின் தோள்.

அவள் சொன்னதை லவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றே ஒன்று கேட்டான்.

“நோ போற ஊசியைப் போட்டிட்டு விளையாடியிருந்தா?”

அவள் பொய் சொல்ல விரும்பவில்லை. ஒன்றும் நடக்காமலும் போயிருக்கலாம், வலி தெரியாமல் அறைகிறபோது மிச்சப் படலமும் போயிருக்கலாம், தெரியாது என்றாள். அவன் எழும்பி வாசலுக்குப் போய் றொஜருக்கு அழைப்பு எடுத்தான். தனக்குப் பதிலாக மாற்று ஆட்டக்காரன் நீக்கிலாஸை இறக்கச் சொல்லி அவனே சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வெயில் கொளுத்தியது. ஒலிபெருக்கியில் பாட்டு, கொத்துரொட்டி மணம், எங்கே பார்த்தாலும் சனம். நீக்கிலாஸ் உயரமானவன்தான், ஆனால் லவனின் அறை அவனுக்கு வராது. முதல் சுற்று போய்விட்டது. ஓரத்து வாங்கில் குந்தியிருந்த லவனால் பொறுக்க முடியவில்லை. எழும்பிக் கோட்டோரம் போனான். எதிர்ப்பக்கத்தார் லவனுடைய அறைக்குத்தான் பழகி வந்திருந்தார்கள். எல்லாரும் பின்னுக்கு நின்றார்கள், வலையடி வெறுமையாகக் கிடந்தது. அறையாதை, தட்டிப் போடு என்று நீக்கிலாஸுக்குக் கத்தினான். நீக்கிலாஸ் தட்டிப் போட்டான். திரும்பவும் போட்டான். இரண்டாவது சுற்று கைக்கு வந்தது. மூன்றாவதில் இரண்டு பக்கமும் மாறி மாறி ஏற, சாம்பவி வாங்கின் மேலே ஏறி நின்றுகொண்டாள். கடைசிப் பந்தும் வலைக்கு மிக அருகே, மெதுவாக, ஒருவர் கைக்கும் எட்டாமல் விழுந்தது. லவன் இடது கையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடினான். வலது கை அவள் சொன்னபடியே உடம்போடு ஒட்டிக் கிடந்தது. சாம்பவி அதையும் கவனித்தாள்.

இலையுதிர் காலத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. கமராவை உள்ளே விட்டுப் பார்த்த மருத்துவர், ஸ்கேன் காட்டிய இடத்திலேயே கிழிவு இருந்தது, தைத்துவிட்டோம் என்றார். அடுத்த வருஷம் பந்தைத் தொடலாம், அவசரப்படக்கூடாது. ஆய்வை அவள் நடுவர் குழுவின் முன்னால் வைத்த நாளில் ழான்-லூக் கேட்ட கேள்விகள் கடினமாகத்தான் இருந்தன. ஆனால் இம்முறை அவை வரிக்கு வரி வாசித்தவரின் கேள்விகள். பின்வரிசையில் லவன் சூட்டுப் போட்டுக்கொண்டு இருந்தான். ஒரு சொல்லும் விளங்காமலே முழுவதையும் கேட்டான்.

அதற்குப் பிறகு சாம்பவியால் ரூ பெர்தொனேயில் நிம்மதியாக ஒரு தேநீர் குடிக்க முடியவில்லை. லவன் ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டான். நகைக்கடைக்காரர் கையைத் தூக்கிக் காட்டி, இவ்வளவுக்கு மேலே போகுதில்லைப் பிள்ளை என்றார். மரக்கறிக் கடை அக்கா எக்ஸ்ரே உறையையே பையில் கொண்டு திரிந்தாள். உங்கள் மருத்துவரிடம் முதலில் போங்கோ என்று அவள் சொல்ல, அவர்கள் சிரித்துக்கொண்டே படத்தை நீட்டினார்கள்.

ஒருநாள் றொஜரும் வந்தான். அவனுக்கும் தோள் நோவாம், மருத்துவர் ஸ்கேன் எடுத்து எல்லாம் நல்லாயிருக்கு என்றாராம். ஆனால் அறிக்கையில் ‘ஜெயோட்’ என்று ஒரு சொல் இருந்ததால் இரண்டு கிழமையாக நித்திரை இல்லையாம். அவள் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். றொஜர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

“பின்பக்கம் றொஜர் அண்ணை,” என்றாள். “இது சும்மா கிடக்கிற குழி. மருத்துவர் சொன்னது சரி. போய் விளையாடுங்கோ.”

றொஜர் அவளுக்கும் சேர்த்து இரண்டு தேநீர் சொன்னான்.