அக்கா பேச்சை நிறுத்திய தேதி

எங்கள் பத்திரிகையில் இருபத்திரண்டு வருடமாக ‘இதே நாளில்’ பகுதியை எழுதுகிறவள் நான். யார் பிறந்தார், எந்தக் கப்பல் மூழ்கியது, எந்தப் பாலம் திறந்தது என்று நாளுக்கு ஒன்றாக முந்நூற்று அறுபத்தாறு அட்டைகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஒரு தேதி பிசகியதாக இதுவரை எவரும் சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

பேனாவில் எழுதியிருப்பது அச்சுக்குப் போகும். பென்சிலில் இருப்பது என் சொந்த விஷயம். நவம்பர் பன்னிரண்டு அட்டையில்தான் பென்சில் அதிகம். அக்கா பிறந்தது அன்றுதான். நான்கு வருடம் கழித்து, பங்கு கேட்க வந்ததுபோல், அதே தேதியில் நான். ஒரே துணியில் இரண்டு கவுன் தைப்பாள் அம்மா. அக்காவுக்குச் சின்னதானதும் அதுவும் எனக்கே வரும் என்பதால், ஒரே பூப்போட்ட துணியில் நான் நாலைந்து வருடம் திரிந்திருக்கிறேன். கேக்கும் ஒன்றுதான். மூன்று எண்ணியதும் இருவரும் சேர்ந்து மெழுகுவர்த்தியை ஊத வேண்டும் என்று பேச்சு. அக்கா ‘ரெண்டு’ என்னும்போதே ஊதிவிடுவாள். நான் அழுவேன், அம்மா மறுபடி ஏற்றுவாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, நாலு மணிக்கு வருகிறேன் என்று சொன்ன நான், யாரோ ஒரு விஞ்ஞானி பிறந்த வருடத்தைச் சரிபார்த்துவிட்டு ஏழு மணிக்குப் போனேன். அம்மா போய்விட்டாள். ஒரு மாதம் கழித்து, என் வீட்டில் அம்மாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

“செத்தவங்க பொறந்த நாளெல்லாம் உனக்குத் தெரியும். பெத்தவ சாகப்போறது மட்டும் தெரியல, இல்ல?”

நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்தில் இருந்து நீ என்ன கிழித்தாய் என்று கேட்டுவிட்டேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அதோடு எட்டு வருடம். அவள் போன் நம்பர் மனப்பாடம்தான், கைதான் போகவில்லை. முதலில் அவள் கூப்பிடட்டும் என்று ஒவ்வொரு பிறந்தநாளும் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் பிறந்தநாள் வாரத்தில் எனக்குக் காய்ச்சல். விளையாட்டுப் பக்கம் பார்க்கும் பையன், நாங்கள் ‘அவசரம்’ என்று கூப்பிடுகிறவன், என் பகுதியைச் செய்தான். பேனா, பென்சில் பேதமெல்லாம் அவனுக்கு ஏது? ஒரு ரயில் பாதையின் திறப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் வந்துவிட்டது: ‘அக்கா என்னோடு பேச்சை நிறுத்தினாள். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை.’

ஆசிரியர் என்னைப் போனிலேயே வறுத்தெடுத்தார். இந்த அக்கா எந்த நாட்டு அரசி என்று ஒரு வாசகர் கேட்டாராம். எனக்கு அதெல்லாம் காதிலேயே ஏறவில்லை. அக்கா பார்த்திருப்பாளா, பார்த்தால் கூப்பிடுவாளா, இதுதான் மண்டையைக் குடைந்தது.

மூன்றாம் நாள், காய்ச்சல் விட்டு நான் ஆபீஸ் திரும்பியதும், ஆசிரியரே ஒரு கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். உன் தேதி தப்பாம், திருத்தம் கேட்கிறார்கள் என்றார். கையெழுத்து அக்காவுடையது.

‘ஐயா, நீங்கள் வெளியிட்ட தேதி தவறு. நாங்கள் சண்டை போட்டது பதினொன்றாம் தேதி. பன்னிரண்டாம் தேதி நான் கேக்கோடு அவள் வீட்டுக்குப் போனேன். மணி அடித்தேன். கதவு திறக்கவில்லை. மாடிப்படியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பேச்சை நான் நிறுத்தவில்லை. திருத்தம் வெளியிடவும்.’

பத்திரிகைக்காரர்களுக்கு இன்று என்பதே கிடையாது. பதினொன்றாம் தேதி எங்கள் மேசையில் கிடப்பது பன்னிரண்டாம் தேதி அட்டை. சண்டை முடிந்து நேரே ஆபீசுக்கு வந்தவள், அழுதுகொண்டே கைக்குக் கிடைத்த அட்டையில் எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு அன்று வீட்டில் இருக்கப் பிடிக்காமல் விடிந்ததும் ஆபீசுக்கு ஓடினேன், பதின்மூன்றைப் பார்க்க.

ஆசிரியர் நிற்பதையும் பாராமல் போனை எடுத்தேன்.

“அக்கா, நீ வந்தியா?”



“நீ உள்ள இருந்துக்கிட்டே திறக்கலைன்னு நெனச்சேன்டி.”

“நான் ஆபீஸ்ல இருந்தேன்க்கா. சத்தியமா ஆபீஸ்ல இருந்தேன்.”

அவள் அழுதாள். பக்கம் முடிக்க இன்னும் எவ்வளவோ இருந்தது. நாளைக்குக் காலையில் வந்துவிடுகிறேன் என்றேன்.

“உன்னோட நாளைக்கெல்லாம் எனக்கு வேணாம். இன்னைக்கு வா.”

மறுநாளுக்கான அட்டையை மேசைமேல் அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினேன்.