சீலர் அடிக்காத கதவு

காரிமங்கலத்தில் கார் பெயிண்டிங் பட்டறை நடத்தும் கோகிலாவுக்கு, தற்பெருமை பேசும் புது பெயிண்டர் சத்யராஜை வந்த அன்றே பிடிக்கவில்லை. பட்டி பூசி பிரைமர் அடித்த கதவைக் காட்டி, "கலருக்கு முன்னாடி சீலர் அடிங்க. இல்லன்னா பட்டி போட்ட எடம் கலரை உறிஞ்சிக்கும்" என்றாள்.

"அதெல்லாம் வேலை தெரியாதவங்க பண்றதுங்க" என்று சிரித்த சத்யராஜ், நேராகச் சிவப்பை அடித்தான்.

காய்ந்ததும் கதவு தேமல் விழுந்த முகம்போல் திட்டுத்திட்டாக மங்கிக் கிடந்தது. அவன் முதலில் வெயிலைக் குறை சொன்னான். பிறகு பெயிண்ட் டப்பாவைத் திட்டினான்.

இவனுக்குக் கோபம்கூட வீண் என்று கோகிலாவுக்குத் தோன்றியது. உப்புத்தாளை அவன் காலடியில் போட்டாள். அதுவரை கொடுத்த மரியாதையையும் விட்டாள்.

"தேச்சு எடுத்துட்டுக் கெளம்பு. சீலரை நானே அடிச்சிக்கறேன்."

அவன் தேய்த்துவிட்டுப் போனான். அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.