அழுகிற ஆள்

திண்டிவனம் பைபாஸில் பஸ் கவிழ்ந்து மனைவி பூங்காவனம் செத்துப்போனதிலிருந்து தனகோடி செய்கிற ஒரே வேலை, செல்போனில் ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான். கவிழ்ந்த பஸ்ஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரே தலையில் அடித்துக்கொண்டு அழுகிற வீடியோ. யாரோ ஒரு புண்ணியவான் எடுத்து, சோகப் பாட்டைச் சேர்த்து, ‘கல்மனசுக்காரங்க பார்க்காதீங்க’ என்று தலைப்பும் வைத்திருந்தான்.

மகள் இளவரசி பயந்துபோய் அவரை விழுப்புரத்தில் நடந்த மனநல முகாமுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ‘மனச்சிற்பி’ பட்டம் பெற்ற ஒருவர், திரையைப் பார்ப்பதே நோய், செல்போனை இன்றே தூக்கிப் போடுங்கள் என்று முழங்கினார். அதை மூன்று செல்போன்கள் படம்பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து தனகோடியைக் கட்டிப்பிடித்து, கேமராவைப் பார்த்தபடி, “அழுதுடுங்க ஐயா” என்றார். தனகோடிக்கு அழுகை வரவில்லை. மனச்சிற்பியின் சென்ட் வாசனைக்குத் தும்மல்தான் வந்தது.

திரும்பும்போது ரயிலில் தனகோடி மறுபடி அந்த வீடியோவைப் போட்டார்.

“அத்த அழிச்சிடு நைனா. பார்த்துக்கினே இருந்தா பைத்தியம் புடிச்சிடும்.”

“நான் நெஜமாவே அழுதனாம்மா அன்னிக்கி?”

“அழுவாம இன்னா? ஊரே பார்த்துச்சே.”

“எனக்கு நெனப்பே இல்ல. காரியத்துக்கும் அழுவ வரல, மரக்கட்டையாட்டம் குந்திக்கினு இருந்தேன். இவன் ஒருத்தன்தான் உங்கம்மாவுக்காக அழுவறான். இவனையும் அழிச்சிட்டா எப்பிடி?”

போனை வாங்க நீட்டிய கையை இளவரசி மடக்கிக்கொண்டாள். சார்ஜ் தீரப்போவதாகப் போன் சத்தமிட்டது. தன் பையிலிருந்த பவர் பேங்கை எடுத்து அவளே செருகிக் கொடுத்தாள்.