டவர்ப்பாறையில் ஒரு வகுப்பு

சீனிச்சாமி பகலில் தூங்குகிற ஆள். எஸ்டேட்டு ஸ்டோரில் ராத்திரியெல்லாம் ஏலக்காய் காய வைக்கிற சோலி அவருக்கு. பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்புக்கு விறகு கொடுத்து, சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காய் இறக்கிய பிறகு கிடைக்கிற நேரத்தில் கண்ணை மூடினால் உண்டு. அன்றைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு, எஸ்டேட்டு ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வீட்டுக்கு வந்தார். கதவு கொண்டி போட்டிருந்தது. மனைவி சந்திரவல்லி காய் எடுக்கப் போயிருந்தாள். மகள் பானுப்பிரியாவைக் காணோம்.

எங்கே போயிருப்பாள் என்பது தெரிந்ததுதான். போடிமெட்டைத் தாண்டி இருக்கிற அந்த எஸ்டேட்டில் போனுக்கு நெட்டு கிடைப்பது ஒரே ஒரு இடத்தில். லயத்துக்குப் பின்னால் ஏலச்செடிகளுக்குள் புகுந்து ஏறினால் ஒரு மொட்டைப் பாறை வரும். டவர்ப்பாறை என்று பேர். பானு காலையில் போனும் நோட்டுமாக ஏறினால் மத்தியானச் சோற்றுக்குத்தான் இறங்குவாள். படிப்பெல்லாம் அந்தப் பாறையில்தான்.

டீத்தூள் டப்பா எங்கே என்று கேட்கத்தான் சீனிச்சாமி ஏறினார். பாறைக்குப் பத்தடி கீழே வரும்போது மகளுடைய பேச்சுக் குரல் கேட்டது. அவருக்குக் கால் நின்றுவிட்டது. பதினாறு வயசுப் பிள்ளை, ஆளில்லாத இடத்தில், கையில் போனோடு யாரிடம் பேசுகிறது? பெண்ணைப் பெற்றவருக்கு என்னென்ன தோன்றுமோ அத்தனையும் ஒரே நிமிஷத்தில் தோன்றியது. செடி மறைவில் நின்று காதைத் தீட்டினார்.

"அபிநயா."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"ஐஸ்வர்யா. கார்த்திகா. கௌசல்யா. நாகஜோதி. பாண்டீஸ்வரி."

ஒவ்வொரு பேருக்கும் நடுவில் பதில் வருகிற அளவுக்கு இடைவெளி விட்டாள். எட்டிப் பார்த்தார். போன் பாறைமேல் குப்புறக் கிடந்தது. அவள் கையில் ஒரு பழைய நோட்டு. எதிரே மூடுபனியைத் தவிர ஒன்றுமில்லை.

"பானுப்பிரியா," என்று கூப்பிட்டவள், தானே எழுந்து நின்றாள். "உள்ளேன் டீச்சர்."

உட்கார்ந்து அடுத்த பேருக்குப் போனாள். முப்பத்திரண்டு பேரையும் முடித்துவிட்டுத்தான் போனைத் திருப்பிப் பாடத்தை ஓடவிட்டாள்.

சீனிச்சாமிக்கு உயிர் வந்தது. நல்லவேளை, பையன் கியன் எவனும் இல்லை. டீத்தூளைக் கேட்காமலே இறங்கிவிட்டார். சாயங்காலம் சந்திரவல்லியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ஒம் மக டீச்சராகிட்டா தெரியுமா? பாறைக்கும் பனிக்கும் பேரு கூப்புடுறா."

சந்திரவல்லி சிரிக்கவில்லை. "பேசுறதுக்கு இங்க அவளுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

"படிக்கத்தான சொன்னேன், பேசவா சொன்னேன்?"

சந்திரவல்லி அடுப்பில் கவனமாக இருந்தாள்.

பானு ஒன்பதாவது வரைக்கும் மலைக்குக் கீழே இருக்கிற சிலமலை ஊரில் படித்தவள். அம்மா அப்பா மலையில், அவள் கீழே சித்தி வீட்டில். நல்லாப் படிக்கிற பிள்ளை. சித்தி குடும்பம் பிழைப்புக்குத் திருப்பூர் போனதும், வயசுக்கு வந்த பெண்ணை யார் வீட்டில் விடுவது என்ற கேள்வி வந்தது. விடுதி என்றாலே சீனிச்சாமிக்கு ஆகாது. யோசித்தார். ஊரே போனில் படிக்கிறது, கணக்கு, இங்கிலீசு, அறிவியல் எல்லாம் சும்மாவே கிடைக்கிறது, பிறகு எதற்குப் பள்ளிக்கூடம்? இரண்டு மாதச் சம்பளத்தில் நல்ல போனாக ஒன்று வாங்கினார். வீட்டில் இருந்த பழைய சிம்முக்கு மலையில் ஒரு கோடுகூட வரவில்லை. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கேரளா டவரை நன்றாக இழுக்கிற புது சிம் போட்டார். மகள் படிப்புக்கு இதைவிட ஒரு தகப்பன் என்ன செய்ய முடியும் என்று அவருக்குப் பெருமைதான்.

பானுவும் ஏமாற்றவில்லை. பத்தாம் வகுப்புப் பாடத்தை ஒன்றரை வருஷத்தில் மூன்று தரம் முடித்துவிட்டாள். புரியாத கணக்கை நான்கு பேர் நான்கு விதமாக நடத்துவதைப் பார்த்து, எது லேசோ அதைப் பிடித்துக்கொள்வாள். குறை என்று சொன்னால் ஒன்றுதான். கணக்குக்கு விடை வந்துவிட்டால் சட்டென்று பக்கத்தில் திரும்புவாள். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வரவரப் பேச்சே குறைந்துபோயிருந்தது. அடக்கமான பிள்ளை என்று லயத்தில் பாராட்டினார்கள்.

டிசம்பரில், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தனித்தேர்வராக விண்ணப்பம் போட அப்பாவும் மகளும் ஜீப்பு பிடித்துப் போடிக்கு இறங்கினார்கள். பானு நல்ல பாவாடை சட்டை போட்டிருந்தாள். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றியபோதுகூட அமிலம், காரம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த அருணா என்ற பெண் எல்லா விவரமும் கேட்டுத் தட்டிக்கொண்டே வந்தவள், நிறுத்தினாள்.

"அறிவியல் செய்முறை வகுப்புக்குப் போன சீட்டு இருக்காண்ணே?"

"என்ன சீட்டுத்தா?"

"தனியா எழுதுறவுக, ஆறு மாசத்துக்கு முந்தியே பேரு பதிஞ்சு, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயி சோதனையெல்லாம் கையால செஞ்சு பழகியிருக்கணும். அது இல்லாம அறிவியல் எழுத முடியாதுண்ணே. மத்த பாடத்துக்கு வேணா போடலாம். முழுசா பாஸாக அடுத்த வருசம் ஆயிரும்."

"எம் மக அறிவியல் புஸ்தகம் பூராத்தையும் ஒப்பிப்பா. கேட்டுப் பாரு."

"அதை நான் இல்லேங்கலண்ணே," என்றாள் அருணா பாவமாக. "போன்ல கெடந்துச்சே, பாக்கலையா?"

சீனிச்சாமி மகளைப் பார்த்தார். பானு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அப்பிடி ஒண்ணு இருக்குன்னே தெரியாதுக்கா. தெரிஞ்சாத்தான தேடுவேன்."

ஆயிரம் கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை. கேட்க வேண்டிய அந்த ஒரு கேள்வி மட்டும் அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அவள் அழவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குனிந்த தலை நிமிராமல் நடந்தாள். அதைப் பார்க்கப் பார்க்கச் சீனிச்சாமிக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல், சிலமலை பஸ்ஸில் ஏறினார்.

"நீ படிச்ச பள்ளிக்கூடந்தான? ஒரு வார்த்தை சொல்லி விட்டிருந்தா என்னவாம் அவுகளுக்கு? கேட்டுட்டு வருவோம் வா."

அவர்கள் போனபோது மத்தியான மணி அடித்திருந்தது. பானுவுக்கு வகுப்பாசிரியையாக இருந்த ஜெயபாக்கியம் டீச்சர் ஒன்பதாம் வகுப்பில் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒவ்வொரு பேராக உள்ளே இருந்து வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல், உள்ளேன் டீச்சர், உள்ளேன் டீச்சர் என்று எழுந்து அடங்கியது. ஒரு பேருக்குப் பதில் இல்லை.

"ஷெர்லின் ஏன் வரல? காலையில இருந்தாளே."

"வயித்து வலின்னு போயிட்டா டீச்சர்."

"தனியாவா போனா? யாரு கூடப் போனது? வீட்டுக்குப் போயி சேந்துட்டாளான்னு அவுக அம்மாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

சீனிச்சாமிக்குப் பாறைமேல் எழுந்து நின்று தன் பேருக்குத் தானே பதில் சொன்ன மகள் இப்போது கண்ணுக்குள் நின்றாள். அன்றைக்கு அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது. பக்கத்தில் பார்த்தார். பானுவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. பாறைமேல் அவள் பேர் கூப்பிட்ட பழைய வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் இந்நேரம் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

டீச்சர் வெளியே வந்தார். பானுவைப் பார்த்ததும் கையில் இருந்த பதிவேட்டைத் திண்டில் வைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தார்.

"எங்கடி போயிட்ட?"

வந்த கோபத்தை விடாமல் சீனிச்சாமி கேட்டுவிட்டார். "செய்முறை வகுப்புன்னு ஒண்ணு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல டீச்சர்? பிள்ளைக்கு ஒரு வருசம் போச்சு."

டீச்சர் தன் போனை எடுத்து ஒரு எண்ணைப் போட்டு, சத்தம் வெளியே கேட்கும்படி நீட்டினார். நீங்கள் அழைத்த எண் தற்போது உபயோகத்தில் இல்லை என்று போன் சொன்னது.

"இதுதான் நீங்க குடுத்த நம்பரு. இவ வராமப் போன மொத வாரத்துல இருந்து போட்டுப் பாத்துட்டேன். அவ சித்தி வீட்டுக்கு வந்தேன், பூட்டிக் கெடந்துச்சு. போன ஜூன்லகூட இந்தச் செய்முறை வகுப்பு விசயமாத்தான் போட்டேன். எந்த எஸ்டேட்டுன்னு யாருக்கும் சொல்லத் தெரியல."

மகள் படிப்புக்காக என்று பெருமையாகக் கழற்றி எறிந்த சிம்தான் அது. பானு அழுதாள், போடியில் அழாத அழுகையும் சேர்த்து. பரீட்சை போனதற்காக அழவில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு ஆள் தன்னைத் தேடிக்கொண்டிருந்ததே என்றுதான் அழுதாள்.

டீச்சர் அவளை வகுப்புக்குள் கூட்டிப்போய்க் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போடச் சொன்னார். அழுகையோடே போட்டாள். "இந்த வழி நான் நடத்துனதில்லையே, எங்க படிச்ச?" என்றார். போனில் என்றாள். "அப்ப போனை விட்டுராத. அதோட இங்கயும் வா. ஜூன்ல பத்தாவதுல உக்காரு. சின்னப் பிள்ளைகளோட உக்காரணும், பரவாயில்லையா?"

பானு தலையாட்டினாள். அதற்குள் சீனிச்சாமி தன் புது நம்பரை டீச்சரின் பதிவேட்டில் இரண்டு தடவை எழுதிவிட்டார்.

ஜூனில் சந்திரவல்லியும் பானுவும் சிலமலைக்கு இறங்கி ஒரு வாடகை வீட்டில் குடியேறினார்கள். சந்திரவல்லி விடிவதற்குள் ஜீப்பில் ஏறி வேலைக்கு வந்து சாயங்காலம் இறங்கிப் போனாள். லயத்து வீட்டில் சீனிச்சாமி தனியாகப் பொங்கித் தின்றார். தூக்கம் வராத பகல்களில் டவர்ப்பாறையில் போய் உட்கார்ந்தார். இவ்வளவு அமைதியான இடத்தில் ஒரு பிள்ளை ஒன்றரை வருஷம் எப்படி இருந்தது என்று முதல் வாரத்திலேயே அவருக்குத் தெரிந்துபோயிற்று.

ஒரு நாள் ஸ்டோரில் கூட வேலை பார்க்கும் மொக்கச்சாமியும் போன் பேச அங்கே வந்தார்.

"ஏண்ணே, பாவம் மதினி இருட்டோட எந்திருச்சு ஜீப்புல தொங்கிட்டு வருது. நீ இங்க ஒத்தையில கெடக்க. எதுக்கு இந்தப் பாடு? போன்ல இல்லாத படிப்பா அங்க சொல்லிக் குடுக்காக?"

சீனிச்சாமி பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஜெயபாக்கியம் டீச்சர். அந்த வருஷம் பானுவின் வகுப்பும் அவருடையதுதான்.

"அண்ணே, பானு இன்னைக்கு வரலையே, என்னாச்சு?"

"ராவுல இருந்து காச்சல் டீச்சர். அவ அம்மாவும் இன்னைக்கு வேலைக்கு வரல, பக்கத்துலதான் இருக்கா. நாளைக்கு வந்துருவா."

"சரி, மாத்திரை குடுக்கச் சொல்லுங்க. பிள்ளைக சாயங்காலம் பாக்க வர்றாங்களாம்."

போனை வைத்தபோது மணி ஒன்பதே முக்கால். வருகை எடுத்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. சீனிச்சாமி போனைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"படிப்பு பூராம் போன்ல இருக்கு மொக்கச்சாமி, இல்லேங்கல. எம் மக ஒன்றரை வருசம் இதே எடத்துல உக்காந்து படிச்சா. ஒரு நா அவ வராட்டி ஏன் வரலைன்னு போன் கேக்காது. அதைக் கேக்கத்தான் பள்ளிக்கூடம் வேணும்."